சீற்றைச் செதுக்குவதா, லிங்க் போட்டு இறக்குவதா, பாரத்தைக் குறைப்பதா?

பெரிய அட்வென்ச்சர் பைக் கைக்கு வந்ததும் திருகோணமலையில் பெரும்பாலும் எழும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணை, கால் எட்டுதில்லை, லிங்க் போட்டு இறக்கிவிடுவமோ?" நியாயமான கவலை. ஹொண்டா ஆபிரிக்கா ட்வினின் சீற் 850 மி.மீ., மேல்நிலையில் பூட்டினால் 870. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்ஸும் அதே 850–870தான், பாரம் 249 கிலோ. ஐந்தரை அடி ஆள் ஏறி இருந்தால் குதிக்கால் இரண்டும் அந்தரத்தில் நிற்கும்.

ஆனால் உயரம் ஒரு பிரச்சினை, பாரம் வேறொரு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் காசு தவறான இடத்துக்குப் போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 230 கிலோ பைக், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ., ஹாண்டில் 110 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 5 பாகை சரிந்தால் ஹாண்டிலில் நீங்கள் தாங்கவேண்டியது ஏறத்தாழ 11 கிலோ. 20 பாகை சரிந்தால் 43 கிலோ. முதலாவதை ஒரு காலின் முன்பாதத்தை ஊன்றியே பிடித்துவிடலாம். இரண்டாவதை இரண்டு பாதமும் தட்டையாகப் பதிந்திருந்தாலும் பிடிக்க முடியாது, பிடிக்க முயன்றால் முதுகு போகும். ஆகவே இரண்டு காலும் முழுதாகத் தரையில் படவேண்டும் என்று நாம் கேட்பது உண்மையில் தேவைக்கு மிஞ்சியது. ஒரு கால் உறுதியாக ஊன்றினால் போதும். மிச்சம் பாரத்தைப் பற்றிய கேள்வி.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் லிங்க்குக்கும் சீற்றுக்கும் இடையிலான போட்டியில் நான் சீற்றின் பக்கம்.

லிங்க் என்பது பின் ஷொக்கையும் (குழியின் அதிர்வை வாங்கும் ஸ்பிரிங் தண்டு) ஸ்விங் ஆர்மையும் (பின் சில்லைத் தாங்கும் கை) இணைக்கும் சிறு தகடுகள். அளவு மாறிய தகடுகளைப் போட்டால் பின்பக்கம் 25, 30 மி.மீ. இறங்கும். கராஜில் அரை நாள் வேலை, விலையும் அதிகமில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன்பக்கம் நிமிர்ந்து, ஹாண்டில் திரும்புவது மந்தமாகும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஆகவே முன் சில்லைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களையும், அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலே தள்ளவேண்டும். தள்ளிய பிறகு முன் சில்லு முழுதாக அமுங்கும்போது மட்கார்டிலோ ரேடியேட்டரிலோ முட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். பின்னாலும் அதே கதை: ஷொக் முழுதாக அமுங்கும் இடத்தில் சில்லு முன்பைவிட மேலே வந்து நிற்கும். பின்னுக்கு ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு ஒரு ஸ்பீட் பம்பில் ஏறினால் ரயர் உள் மட்கார்டை உரசும்.

பலர் மறப்பது சைட் ஸ்டாண்டை. பைக் இறங்கியதும் ஸ்டாண்ட் நீளமாகிவிடுகிறது, பைக் கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிண்ணியாப் பாலத்தடியில் அப்படி ஒரு பைக்கை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகவே கூடாது. வலப்பக்கம் சாய்ந்துவிடும். ஸ்டாண்டை வெட்டி ஒட்டவேண்டும், அது இன்னொரு செலவு. நிலாவெளி மணலில் ஸ்டாண்ட் புதையாமல் இருக்க வெல்டிங் கடையில் அடியில் அகலத் தகடு ஒட்டுவது இங்கே வழமை. அருமையான வேலைதான், ஆனால் அந்தத் தகடு ஸ்டாண்டை இன்னும் சில மி.மீ. உயர்த்தும். லிங்க் போட்ட பைக்கில் தகட்டின் தடிப்பையும் கணக்கில் சேர்த்தே வெட்டவேண்டும்.

இன்னொன்று: எல்லாப் பைக்கிலும் லிங்க் இல்லை. ஆர் 1250 ஜிஎஸ்ஸில் ஷொக் நேரடியாக ஸ்விங் ஆர்மில் பூட்டப்பட்டிருக்கிறது. அதை இறக்குவதென்றால் குட்டையான ஷொக் வாங்கவேண்டும். ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்கும் டாம்பிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வருவதால் அது லிங்க்கைவிடத் திறமான வழி. விலைதான் கையைக் கடிக்கும்.

சீற்றுக்கு வருவோம். கம்பனியே விற்கும் உயரம் குறைந்த சீற் கிடைத்தால் வாங்கலாம், ஆபிரிக்கா ட்வினுக்கு 825 மி.மீ. சீற் உண்டு. கிடைக்காவிட்டால் குஷன் கடை. அங்கே நடுவில் ஆழமாக வெட்டச் சொல்லாதீர்கள். பைக்கில் ஏறி, நிற்கும்போது எப்படி முன்னுக்கு நகர்ந்து உட்காருவீர்களோ அப்படி உட்காருங்கள். தொடை எங்கே உரசுகிறது என்று சோக்கால் கோடு போடச் சொல்லுங்கள். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில், அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும் விளிம்புகளைத்தான் முதலில் செதுக்கவேண்டும். கால் பக்கவாட்டில் விரியாமல் நேரே இறங்கினால் உயரத்தைத் தொடாமலே ஒரு விரற்கடை கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் போதாவிட்டால் மேலிருந்து 15, 20 மி.மீ. எடுக்கலாம். தோலைத் திரும்பப் போடும்போது உள்ளே ஒரு பொலித்தீன் விரிப்புப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாரியில் ஸ்பொஞ்ச் தண்ணீர் குடித்துக் கிழமைக் கணக்கில் காயாது.

சீற்றுக்கும் குறை உண்டு. முழங்கால் கூடுதலாக மடியும், எழுந்து நின்று ஓட்டுவது கஷ்டமாகும். கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடும்போது மெலிந்த ஸ்பொஞ்ச் ஹபரணை தாண்டியதும் தன் வேலையைக் காட்டும். ஆனாலும் பைக்கின் ஓட்டத்தில் எதுவும் மாறுவதில்லை, பிடிக்காவிட்டால் பழைய சீற்றை எடுத்துப் பூட்டலாம். குச்சவெளிப் பக்கம் கிறவல் பாதையில் இறங்குகிறவருக்கு இது பெரிய விடயம். அந்தப் பாதைகளுக்காகத்தானே உயரமான பைக்கே வாங்கினோம். ஊர்த் தார் வீதியை விட்டு இறங்கவே மாட்டேன் என்பவர் லிங்க் போடட்டும், குறை சொல்லமாட்டேன்.

ஷொக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவை, தளர்த்துவது இலவசம். ஆனால் நீங்கள் ஏறி இருக்கும்போது, பின்பக்கம் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் அதுவே சரியான அளவு. அதற்கு மேல் தளர்த்தினால் குழியில் இடிக்கும். தடித்த அடியுள்ள பூட்ஸ் 20 மி.மீ. தரும். உயரம் ஒருபக்கம் இருக்கட்டும், செருப்போடு 230 கிலோ பைக் ஓட்டுவதை நிறுத்துவதற்காகவாவது அதை வாங்கவேண்டும்.

பழக்கம் எந்தச் சாமானையும்விடக் கூடுதலாக உதவும். இடக்கால் தரையில், வலக்கால் பின் பிறேக்கில், இடுப்பைச் சீற்றின் இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி நிறுத்துவதுதான் அடிப்படை. கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டை ஏற்றத்தில் மான்களுக்கும் சனத்துக்கும் நின்று நின்று ஏறும்போது வலக்கால் பிறேக்கில் இருந்தால்தான் பைக் பின்னுக்கு உருளாது. ஹாண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிறேக்கைப் பிடித்தால் அந்த இடத்திலேயே படுக்கும்.

நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். தண்ணீர் வடிவதற்காக வீதி நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் கட்டினால் இடக்கால் தேடும் தரை இன்னும் கீழே போய்விடுகிறது, தார் முடிந்த இடமென்றால் ஒரு படி ஆழம். கால் எட்டாத ஆட்கள் விழும் இடம் பெரும்பாலும் இதுதான். ஓரத்துக்குப் போகுமுன்பே, தரை சமமாக உள்ள இடத்தில் நிறுத்துங்கள். போகத்தான் வேண்டுமென்றால் ஹாண்டிலை நேராக வைத்து, முன் பிறேக்கைப் பிடித்து வலக்காலை ஊன்றுங்கள், அந்தப் பக்கம் மேடு.

பாரத்தில் முதல் எதிரி பெற்றோல். லீற்றருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ. ஜிஎஸ் அட்வென்ச்சரின் 30 லீற்றர் தாங்கி நிரம்பினால் 22 கிலோ, அதுவும் பைக்கின் உச்சியில். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் காட்டி வரிசையில் நின்ற பிறகு, தாங்கியை நிரப்பியே வைத்திருப்பது நம் எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்தப் பயம் விளங்குகிறது. ஆனாலும் புல்மோட்டை வரை போய் வர அரைத் தாங்கி தாராளம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று கண்டி, கொழும்புப் பாதையெங்கும் பெற்றோல் உண்டு.

இரண்டாவது எதிரி பின்னால் உயரத்தில் பூட்டும் டொப் பொக்ஸ். கருவியும் தண்ணீரும் அதற்குள் போகக்கூடாது, பக்கப் பைகளின் அடியில் போகவேண்டும். அலுமினியப் பெட்டியா துணிப் பையா என்றால் துணிப் பை. வெறும் பெட்டிகளும் அவற்றின் கம்பிச் சட்டமுமே ஒரு சிறுபிள்ளையின் பாரம். லித்தியம் பற்றரி, இலேசான சைலன்சர் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

காசு தடையில்லை என்றால் இயந்திரமே உயரத்தைப் பார்த்துக்கொள்ளும் வழியும் வந்துவிட்டது. 2021இல் ஹார்லி-டேவிட்சன் பான் அமெரிக்கா ஸ்பெஷல், 2023இல் பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் என்று நிற்கும்போது தானாகவே இறங்கும் ஷொக் வந்தது. ஜிஎஸ்ஸில் 850 மி.மீ. 820 ஆகும். நல்ல பொறியியல். பழுதானால் திருகோணமலையில் யார் திறந்து பார்ப்பது என்ற கேள்வி மட்டும் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னும் வாங்காதவருக்கு நான் சொல்வது வேறு. ஹிமாலயன் 411இன் சீற் 800 மி.மீ., பாரம் 199 கிலோ. ஹிமாலயன் 450 என்றால் 825 முதல், 196 கிலோ. கவாசாகி வெர்சிஸ்-எக்ஸ் 300 815 மி.மீ., 175 கிலோ. வேகத்தில் இவை பெரியவற்றோடு நிற்கா, ஆனால் நம் வீதிகளில் அந்த வேகத்துக்கு எங்கே இடம்? 175க்கும் 249க்கும் இடையிலுள்ள 74 கிலோவை எந்தக் குஷன் கடையும் வெட்டித் தராது.

எதை வாங்கினாலும் காசு கொடுக்குமுன் தாங்கியில் பெற்றோல் நிரம்பியிருக்கும்போது பாருங்கள். என்ஜினை நிறுத்தி, சீற்றில் இருந்தபடி சிறு மேட்டில் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அப்புறம் இறங்கி, பக்கத்தில் நின்று ஹாண்டிலைப் பிடித்து ஒரு வட்டம் உருட்டுங்கள். கடைசியாக, பைக்காரர் சம்மதித்தால் பழைய ரயர்கள் மேல் மெதுவாகப் படுக்க வைத்து நீங்களே தூக்கிப் பாருங்கள்: கியரில் போட்டு, வலப்பக்கம் படுத்திருந்தால் சைட் ஸ்டாண்டை முன்பே விரித்து, சீற்றுக்கு முதுகைக் கொடுத்து, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, முழங்காலால் உந்திச் சின்ன அடிகளாகப் பின்னுக்கு நடக்கவேண்டும். தனியே தூக்க முடியாத பைக்கை, ஆள் நடமாட்டமில்லாத பாதைக்குத் தனியே கொண்டு போகவேண்டாம்.