புல்தரை மஞ்சளானால் யூரியாவைத் தேடாதீர்கள்: என் 6 ஆண்டு அனுபவம்

கோவையில் எங்கள் வீட்டு முன்புறம் 600 சதுர அடியில் கொரியன் புல் பதித்து 6 ஆண்டுகள் ஆகின்றன. முதல் 2 ஆண்டுகள் அந்தப் புல்லை நான் மிகவும் வாட்டிவிட்டேன். மஞ்சள் தட்டினால் யூரியா, பச்சை திரும்பவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் யூரியா, நடுநடுவே கைப்பிடி டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்). நாற்று வாங்கிய இடத்தில் சொன்னதும் அதையேதான். ஒரு கோடையில் பாதிப் புல் கருகிப்போன பிறகுதான் மண்ணைப் பரிசோதிக்கலாம் என்று தோன்றியது.

மாதிரி எடுப்பதில் நான் காட்டிய கவனம் வீண்போகவில்லை. 8 இடங்களில் புல்லை விலக்கி, 10 செ.மீ. ஆழத்துக்குச் சரிவாகக் குழி தோண்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டினேன். இரும்புக் கரண்டியைத் தொடவே இல்லை; இரும்புச் சத்தைக் கணக்கிடப்போகும் மண்ணில் இரும்புத் துகள் கலந்தால் முடிவு பொய்யாகிவிடும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி, அரை கிலோவாகக் குறைத்தேன். பிறகு நிழலில் உலர்த்தி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தேன்.

முடிவைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. கார அமில நிலை (pH) 8.4; 7-க்கு மேலே போனாலே காரம். சுண்ணாம்பு நிறைந்த மண். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மிகுதி, யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. இரும்பு 3.9 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3.9 பங்கு); சுண்ணாம்பு மண்ணுக்கு 6.3 பிபிஎம்முக்குக் கீழே போனாலே பற்றாக்குறைதான். நான் அள்ளிப் போட்ட டிஏபி மணிச்சத்தை ஏற்றி, இருந்த இரும்பையும் புல்லுக்கு எட்டாமல் செய்திருக்கிறது.

இலையைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். தழைச்சத்து குறைந்தால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்பு குறைந்தால் இளந்தளிர் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். என் புல்லில் வெளுத்தது தளிர்தான்.

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, 15 நாள் இடைவெளியில் மூன்று முறை மாலையில் தெளித்தேன். முதல் தெளிப்பிலேயே, பத்து நாளுக்குள், தளிர் பச்சையானது. அன்று காலை நீண்ட நேரம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடு பதித்த நடைபாதையில் மட்டும் தெளிப்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை எளிதில் போகாது. அன்னபேதியை மண்ணில் நேரடியாக இடுவதாலும் பெரிய பயன் இல்லை. சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

யூரியாவை நான் கைவிடவில்லை. தழைச்சத்து குறைவுதானே! 100 சதுர அடிக்கு 50 கிராம், மணலோடு கலந்து, இலை ஈரமில்லாத நேரத்தில் தூவி, உடனே தண்ணீர் விடுகிறேன். ஆடி முதல் கார்த்திகை வரை மாதம் ஒரு முறை மட்டும். டிஏபி மூட்டையை வாங்குவதே இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை சலித்த மண்புழு உரத்தை மெல்லப் பரப்புகிறேன்.

இணையத்தில் "புல்தரைக்குச் சுண்ணாம்பு இடுங்கள்" என்று வரும் ஆலோசனையை எங்கள் பகுதி மக்கள் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். அது மழை மிகுந்து மண்ணில் அமிலம் ஏறிய ஊர்களுக்கானது. எங்களுடையதைப் போலச் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) கலந்த நிலத்தில் அதைச் செய்தால் புல் இன்னும் வெளுக்கும்.

2 ஆண்டுகள் கழித்து மறுபடி பரிசோதித்தேன். கார நிலை 8.3, கிட்டத்தட்ட அசையவே இல்லை. இவ்வளவு சுண்ணாம்பைக் கந்தகம் போட்டு முறிக்க முயல்வது வீண்செலவு என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. இரும்பு 5.1 ஆகியிருந்தது. ஆண்டுக்கு இரண்டு தெளிப்பு இன்னும் தேவைப்படுகிறது. வேப்பமரத்தடியில் மட்டும் புல் இன்றும் மெலிந்தே கிடக்கிறது. அங்கே குறை மண்ணில் இல்லை, வெயிலில்தான். அந்த மூலையில் புல்லை எடுத்துவிட்டு நிழல் தாங்கும் செடி வைக்கப்போகிறேன்.