பவளப்பாறைக் களப்பயணம் என்று சொல்லி 86,400 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: கல்லூரி ஆசிரியர்கள் கவனத்திற்கு

நாகர்கோவிலில், கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் களப்பயணம் ஏற்பாடு செய்து தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்திடம் எங்கள் விலங்கியல் துறை மாணவர்களின் 86,400 ரூபாயைக் கொடுத்து ஏமாந்து நிற்கிறோம். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் பல கல்லூரிகள் இத்தகைய பயணங்களுக்குத் திட்டமிடுகின்றன என்பதால், நடந்ததையும், முன்கூட்டியே விசாரிக்க வேண்டியவற்றையும் தாமதிக்காமல் எழுதுகிறேன்.

குமரிக் கடற்கரையில் பாறையும் பேரலையும் உண்டு. தீவுகளைச் சுற்றி வளரும் பவளத்திட்டுகளைக் காண மன்னார் வளைகுடாவுக்குத்தான் செல்ல வேண்டும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது பவள உயிரிகள் தமக்கு உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போவதையும், 2010லும் 2016லும் அங்கே அப்படி நேர்ந்ததையும் மாணவர்கள் வகுப்பில் படித்திருந்தார்கள். கொம்புப் பவளம் எவ்வளவு, மூளைப் பவளம் எவ்வளவு, இறந்த திட்டு எவ்வளவு என்று குறித்துக்கொள்ள, நீரில் அழியாத எழுதுபலகைகளைத் தாங்களே செய்து வைத்திருந்தார்கள். ஆளுக்கு 2,400 ரூபாய் வீதம் 36 பேர் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு மாணவியின் தாய் முந்திரி ஆலையில் வேலை செய்பவர். அந்தப் பணத்தை மூன்று தவணைகளாகக் கொடுத்தனுப்பினார்.

அந்த அலுவலகத்தை நாங்கள் நம்பிய நேரத்தை நினைத்தால்தான் இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. வனத்துறை அனுமதி பற்றி நான் கேட்டவுடனே, அங்கிருந்த மனிதர் மேசையைத் திறந்து முத்திரையிட்ட ஒரு கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினார். கைப்பேசியில் கண்ணாடி போன்ற நீரில் மாணவர்கள் மிதக்கும் காணொளிகளைக் காட்டினார். பிறகு, "டீச்சர், எனக்கும் காலேஜில் படிக்கிற மகள் இருக்கிறாள். அவளையும் இதே படகில்தான் ஏற்றிவிட்டேன். உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கீறல் விழ விடுவேனா?" என்றார். உடன் வந்திருந்த மாணவிகளின் முகம் மலர்ந்ததைப் பார்த்துக்கொண்டேதான் அவர் 86,400 ரூபாயையும் முழுமையாக வாங்கி எண்ணினார்.

வெள்ளிக்கிழமை நள்ளிரவில் நாகர்கோவில் வடசேரியிலிருந்து புறப்பட்டு, விடிந்தபின் மண்டபம் சென்று சேர்ந்தோம். படகுத்துறையில் வனக்காவலர்கள் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அது வேறொரு நிறுவனத்துக்கு, வேறோர் ஆண்டில், ஆய்வுக்காக வழங்கப்பட்ட அனுமதி என்றார்கள். அனுமதியில்லாமல் பூங்காவுக்குள் நுழைவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அவர்கள் பொறுமையாகவே விளக்கினார்கள். அவர்கள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பவளங்களைக் காக்க அந்தக் கண்டிப்பு வேண்டும்.

எங்களுடன் அனுப்பப்பட்டிருந்த வழிகாட்டி உடனே யாருக்கோ தொலைபேசியில் பேசிவிட்டு, பேருந்தைப் பாக் விரிகுடாப் பக்கத்துக் கடற்கரை ஒன்றுக்குத் திருப்பினார். முழங்கால் அளவு நீர், கலங்கிய சேறு, காலடியில் மிதிபடும் கடற்புல். முப்பத்தாறு பேருக்குப் பதினொரு முகக்கண்ணாடிகள் இருந்தன; அவற்றிலும் பாதிக்கு வார் அறுந்திருந்தது. மூச்சுக்குழாய்களைக் கழுவக்கூட இல்லை. உயிர்காப்பு அங்கி ஒன்றுகூட இல்லை என்பதால் நான் எவரையும் ஆழத்துக்குப் போக விடவில்லை. பவளம் எங்கே என்று கேட்ட மாணவனிடம் அந்த வழிகாட்டி, "இதுவும் கடல்தானே தம்பி, தலையை உள்ளே விட்டுப் பார்" என்றார். எழுதுபலகைகள் எழுதப்படாமலே திரும்பின.

திரும்பி வந்ததும் அலுவலகத்துக்குச் சென்றேன். முதலில், பணமெல்லாம் படகுக்காரரிடம் போய்விட்டது என்றார்கள். பிறகு, வனத்துறை தடுத்தது இயற்கை இடர் போன்றது, அதற்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். மறுமுறை போனபோது முதலாளி திருவனந்தபுரம் போயிருப்பதாகச் சொல்லி, தேநீர் வரவழைத்து உட்கார வைத்தார்கள். அடுத்த ஆண்டுப் பயணத்தில் பத்து விழுக்காடு கழித்துத் தருவதாக ஒரு தாளை நீட்டினார்கள். நான் அதை மறுத்த அன்று மாலை, மகளைப் பற்றிப் பேசிய அதே மனிதர் அழைத்து, "காலேஜ் நிர்வாகத்துக்கு நாங்களும் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள்தான் டீச்சர்" என்றார். அதன்பின் என் அழைப்புகளை எடுப்பதே இல்லை. மாணவர்களின் 86,400 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

விரிவாக எழுத இப்போது மனம் அமையவில்லை. அவசியமானவற்றை மட்டும் சொல்கிறேன். அனுமதிக் கடிதத்தின் நகலை நம்பாதீர்கள். அதிலுள்ள எண்ணையும் தேதியையும் இராமநாதபுரத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள். முழுத்தொகையை முன்பணமாகக் கொடுக்காதீர்கள். உயிர்காப்பு அங்கிகளைப் புறப்படும் முன்பே எண்ணிப் பாருங்கள். இரசீதில் இடம், படகு, கருவிகள் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எங்கள் இரசீதில் "கல்விச் சுற்றுலா" என்று மட்டுமே இருக்கிறது. நாங்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்துவிட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவில் 36 மாணவர்களும் கையெழுத்திடுகிறார்கள். இதே முறையில் பணம் இழந்த கல்லூரியோ பள்ளியோ இருந்தால், உங்கள் இரசீதுடன் நீங்களும் தனியே புகார் அளியுங்கள்.