அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு: என் இரண்டு வருட அனுபவம்

முதலில் தனியாரிடம்தான் போனேன். ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். என் சம்பளம் 16,000. மூன்று தடவைக்கு மேல் பணம் புரட்ட முடியவில்லை. நிறுத்தியதும் தூக்கம் மறுபடி போய்விட்டது.

ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு 14416-ஐக் கூப்பிட்டேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எடுத்த அக்கா முதலில் கேட்டது, "சாப்பிட்டீங்களாம்மா?" அதற்கே அழுதுவிட்டேன். எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருப்பதை அவர்தான் சொன்னார்.

அங்கே ஓ.பி. சீட்டுக்கும் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. சாதாரண அரசு டவுன் பஸ்ஸிலும் பெண்களுக்குக் காசில்லை. ஆனால் காலை ஏழரைக்குப் போனால் பதினொரு மணி ஆகிவிடும். அரை நாள் சம்பளம் போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாலு மாதம் கஷ்டமாக இருந்தது. டாக்டர் பார்ப்பது ஐந்து நிமிடம். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், அப்பா இறந்ததிலிருந்து திரும்பச் சொல்ல வேண்டும். அதுவும் அடுத்த நோயாளி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது. அதனால் ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். இடது பக்கம் மாத்திரையும் தூங்கிய நேரமும், வலது பக்கம் அன்றைக்குக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. நோட்டை நீட்டினால் போதும், புது டாக்டருக்கும் புரிந்துவிடும்.

ஐந்தாம் மாதம் எழுதிய கேள்வி: "உட்கார்ந்து பேச யாராவது இருக்காங்களா?" இருந்தார். அதே மாடியில், கடைசி அறையில், செவ்வாய்க்கிழமைகளில் ஓர் உளவியலாளர். நாற்பது நிமிடம், இலவசம். மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். பேச்சு சிகிச்சை பெரும்பாலும் உளவியலாளர் பார்ப்பது. இந்த வித்தியாசம் தெரியாமல் நாலு மாதம் போனதில் எனக்கு இன்றும் வருத்தம். நீங்கள் முதல் நாளே வாய்விட்டுக் கேளுங்கள்.

அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை, காலையில் வாசல் தெளித்து ஒரு கோலம். வேறெதுவும் வேண்டாம் என்றார். முதல் வாரம் மூன்று புள்ளி வைப்பதற்குள் கை சோர்ந்துவிடும். தை மாதம் பதினைந்து புள்ளி வைத்தேன்.

எட்டாவது மாதம் சரியாகிவிட்டது என்று நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். பத்தே நாளில் பழைய நிலைமை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். மூன்றாவது நோட்டு ஓடுகிறது.