இதயத்தில் கத்திக்குத்து: இடது விலா வழியா, நடு மார்பெலும்பு வழியா?

கத்தி இதயத்தைத் துளைத்த நிலையில் வரும் நோயாளியின் மார்பைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. இடது மார்பின் நான்காம் அல்லது ஐந்தாம் விலா இடைவெளியில் திறக்கும் தொரகாட்டமி ஒன்று. மார்பெலும்பை நடுவில் நீளவாக்கில் அறுத்துப் பிளக்கும் ஸ்டெர்னாட்டமி மற்றொன்று. இரண்டையும் செய்திருக்கிறேன். நாடி அடங்கிக்கொண்டே போகும் நோயாளிக்கு முதல் வழியையே தேர்ந்தெடுப்பேன்.

ஸ்டெர்னாட்டமியின் சிறப்புகளில் ஐயமில்லை. இதயத்தின் முன்பக்கமும் பெருநாளங்களும் தெளிவாகத் தெரியும். பிற்பாடு வலியும் நுரையீரல் தொல்லைகளும் குறைவு. ரத்த அழுத்தம் ஓரளவு நிலைத்திருந்து, ஸ்கேனில் இதய உறைக்குள் ரத்தம் தெரிந்தால், அறுவை அரங்கில் அதையே செய்வேன். அப்போதும் மயக்க மருந்து ஏறியவுடன் அழுத்தம் சரிந்துவிடலாம் என்பதால், மார்பைச் சுத்தம் செய்து துணி போர்த்திய பிறகே மயக்கம் கொடுக்கச் சொல்வேன்.

ஆனால் தீர்மானிப்பது நேரம். எலும்பை அறுக்க ரம்பம் வேண்டும். இடது பக்கத்துக்குக் கத்தி, கத்தரி, விலா விரிப்பான் போதும். ஓர் இரவு, மார்பெலும்பின் இடது ஓரத்தில் குத்துப்பட்டு வந்த இளைஞருக்குக் கழுத்து ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தன, மேல் அழுத்தம் 60. ரம்பம் வேறொரு அரங்கில் பூட்டிக் கிடந்ததால் காத்திராமல் இடது பக்கம் திறந்தோம். இதய உறை நீலம் பாரித்து இறுகியிருந்தது. உதரவிதான நரம்புக்கு முன்னால் அதை நீளவாக்கில் வெட்டியதும் கைப்பிடியளவு ரத்தக்கட்டி வெளியே வந்தது. துவண்டிருந்த இதயம் நிமிர்ந்து அடிக்க, வலது கீழறையிலிருந்து ரத்தம் பீறிட்டது. துளையை இடது சுட்டுவிரலால் அடைத்தபடியே, டெஃப்லான் துண்டுகள் வைத்து 3-0 பாலிப்ரொப்பிலீன் நூலால் தைத்தேன். ஊசியால் உறிஞ்சிப் பார்த்திருந்தால் அந்த உறைந்த ரத்தம் வந்திருக்காது.

1896இல் பிராங்க்பர்ட்டில் ஜெர்மன் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், வலது கீழறைக் காயத்தை மூன்று பட்டுத் தையல்களால் மூடி ஒருவரைப் பிழைக்க வைத்தபோதும், அவர் நுழைந்தது இடது விலா இடைவெளி வழியாகத்தான்.

இடது வழியில் இன்னொரு நன்மை உண்டு. இதயம் நின்றுபோனால் அதைக் கையால் அமுக்கவும், கீழிறங்கும் பெருந்தமனியைக் கிளாம்ப் போட்டு மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பவும் அதே திறப்பு உதவும். இதயத்தின் பின்பக்கக் காயத்துக்கு ஸ்டெர்னாட்டமி வழியாகச் சென்றால் இதயத்தை மேலே தூக்க வேண்டியிருக்கும். தூக்கும்போது உள்ளே வரும் ரத்தம் தடைபட்டு இதயம் நின்றுவிடக் கூடும்.

இதற்கும் விலை உண்டு. வெட்டுப்படும் உள்மார்புத் தமனி, அழுத்தம் குறைந்திருக்கும் வரை அமைதியாகக் கிடந்து, அழுத்தம் ஏறியதும் கொட்டத் தொடங்கும். மூடும் முன் அதன் இரு முனைகளையும் தேடிக் கட்டியாக வேண்டும். வலது மேலறை இங்கிருந்து எளிதில் எட்டாது. அப்போது மார்பெலும்பைக் குறுக்கே வெட்டி, திறப்பை வலது பக்கத்துக்கு நீட்டுவோம். நான் கையாண்டவை பெரும்பாலும் கத்திக் காயங்களே, துப்பாக்கிக் காயங்கள் மிகச் சில. மார்பின் இருபுறமும் ஊடுருவிச் செல்லும் குண்டுக்கு, தொடக்கத்திலேயே இரு பக்கமும் திறப்பது நல்லது என்றே எண்ணுகிறேன். ஆனால் கத்திக் காயத்தில் சொல்லும் அளவு உறுதியோடு அதைச் சொல்ல என் அனுபவம் போதாது.