ஓலைப் பின்னலா குரோஷேயா, வேதபாடத்தோட எது ஒத்துவரும்?

சேர்ச்சில கைவேலையோட சேத்து வசனமும் படிப்பிக்க எது நல்லம் எண்டு கனபேர் கேக்கினம், அதான் ஓலைப் பின்னலையும், கொக்கி ஊசியால நூலைப் பின்னுற குரோஷேயையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கிறன்.

செலவு:
ஓலை – சார்வோலை, அதான் இளம் பனையோலை, வளவிலயே கிடைக்கும், சாயத்துக்குத்தான் காசு.
குரோஷே – ஊசி ஒருக்கா வாங்கினாக் காணும், நூல்தான் வாங்கிக்கொண்டே இருக்கோணும்.

லேசு:
ஓலை – காயவிட்டு, வார்ந்து, பின்ன முதல் ஈரப்படுத்தோணும், இல்லாட்டி வெடிச்சுப்போம். மடிச்ச தடமும் போகாது.
குரோஷே – பிழைச்சா இழுத்துக் கழட்டி அதே நூலால திரும்பத் தொடங்கலாம், மன்னிப்பைப் பற்றிக் கதைக்க வடிவான இடம்.

நிண்டு உழைக்கிறது: மாரியில ஓலைக்குப் பூஞ்சணம் பிடிக்கும், நூலெண்டா தோய்க்கலாம்.

பாடம்:
இதிலதான் எனக்கு ஓலை பெரிசு. மோசேயை வைச்ச நாணற்பெட்டி யாத்திராகமம் 2இல வருது, தமஸ்கு மதிலால பவுலை இறக்கின கூடை அப்போஸ்தலர் 9இல வருது, பெட்டி பின்னிக்கொண்டே இதுகளைக் கேக்கேக்க, தண்ணி உள்ளுக்குப் போகாம மோசேயின்ர தாய் பிசினும் கீலும் பூசினது எவ்வளவு பயத்தோடயும் விசுவாசத்தோடயும் எண்டு கைக்கே விளங்கும். குரோஷேக்குத் தபீத்தாள் இருக்கிறா, அவ செத்தாப்பிறகு அவ செய்த உடுப்புகளை விதவையள் அழுதழுது பேதுருவுக்குக் காட்டினவை, அதுவும் அப்போஸ்தலர் 9தான்.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் பிள்ளையளோட இருந்து சிலுவை செய்யிறதெண்டா ஓலைதான். ஆஸ்பத்திரியில ஆளுக்குக் காவல் இருக்கிறவைக்கும், பிறந்த பிள்ளையளுக்குத் தொப்பி பின்னிக் குடுக்க நினைக்கிற அக்காமாருக்கும் குரோஷே.