எங்கள் மத்தளத்துக்கு இடம் கொடுத்த ஹைட்ரஜன்

எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன் வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போய் நான்கு வருடங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து என் கிட்டார் தனியாகத்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டுப் பின்னறையில் நான்கு ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினி ஒன்று இருக்கிறது. அதில் ஹைட்ரஜன் என்ற டிரம் மென்பொருளை நிறுவி ஒன்பது மாதங்கள் பயன்படுத்திவிட்டேன். நம் ஊரில் வீட்டிலிருந்து இசை செய்ய நினைக்கும் யாருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் விலை. இது கட்டற்ற மென்பொருள்; ஒரு சதமும் இல்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். திரையில் கட்டம் கட்டமாக ஒரு தாள் விரிகிறது. ஒவ்வொரு வரியும் ஒரு கருவி: கிக், ஸ்னேர், ஹைஹாட் என்று. எந்தக் கட்டத்தில் புள்ளி வைக்கிறோமோ அந்த இடத்தில் அந்த அடி விழும். இப்படிச் செய்த சிறு துண்டுகளை வரிசையாக அடுக்கினால் முழுப் பாட்டுக்கும் தாளம் தயார். என் பத்து வயது மகள் அரை மணி நேரத்தில் பழகிவிட்டாள்.

எனக்கு வேண்டியிருந்தது பைலாத் தாளம், போர்த்துக்கேயர் வழி வந்த நம் ஆட்டப் பாட்டின் தாளம். மட்டக்களப்பில் பறங்கியர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்களுக்குக் அங்கே ஆடும் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தின் துள்ளல் தெரியும். அது ஆறெட்டு, அதாவது ஒரு சுற்றுக்கு ஆறு அரைக்கால் சுரங்கள். ஹைட்ரஜனில் துண்டின் அளவை ஆறின் கீழ் எட்டு என்று மாற்றிக்கொள்ளலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த மென்பொருள் வேகத்தைக் கால் சுரக் கணக்கில், அதாவது இரண்டு அரைக்கால் சுரங்களை ஓர் அடியாக எண்ணுகிறது. நாம் காலால் தட்டும் அடியோ மூன்று அரைக்கால் சுரங்கள் சேர்ந்தது. ஆகவே நிமிடத்துக்கு 100 முறை கால் தட்டும் வேகம் வேண்டுமானால் பெட்டியில் 150 என்று போட வேண்டும். இது புரியும்வரை மூன்று இரவுகள் என் பைலா ஊர்வலம் போல நடந்துகொண்டிருந்தது.

இதில் கிட்டாரைப் பதிய முடியாது. தாளத்தை வேவ் கோப்பாக வெளியே எடுத்து வேறொரு மென்பொருளில் போட வேண்டும். கிக் தனியாக, ஸ்னேர் தனியாக என்று பிரித்து எடுக்கும் வசதி உண்டு. அப்படியே எடுங்கள், பிறகு அளவு சரிபார்க்கச் சுலபம். நான் ரீப்பர் பயன்படுத்துகிறேன். அறுபது நாட்கள் முழுதாகச் சோதித்துப் பார்க்கலாம், அதன்பின் தனிநபர் உரிமம் 60 டொலர். அந்தத் தொகை கனமாக இருந்தால் ஒடாசிட்டி இலவசம்.

கிட்டாரைக் கணினியின் மைக் துளையில் செருகித்தான் தொடங்கினேன். நகரில் ஒரு கடையில் இதற்கென்றே விற்ற கேபிளை வாங்கிச் செருகினேன். ஒலி தகரத்தில் மழை விழுந்தது போல வந்தது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டாரின் பிக்கப்புக்கு அந்தத் துளை பொருந்தாது என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறகு ஸ்கார்லெட் சோலோ என்ற சிறு சிவப்புப் பெட்டி வாங்கினேன். அதில் கிட்டாருக்கென்று தனி வாயில் இருக்கிறது. கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 1024 சாம்பிளில் விட்டால், 44,100 ஹேர்ட்ஸில் ஒரு வழிக்கே 23 மில்லிசெக்கன் தாமதம். டிரம்ஸ்காரர் எட்டு மீற்றர் தள்ளி நின்று அடிப்பதற்குச் சமம் அது. 256 ஆகக் குறைத்தால் ஆறு மில்லிசெக்கனுக்குள் வந்துவிடும், கை தாளத்தில் உட்காரும்.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். ஹைட்ரஜனைத் திறந்ததும் கிடைக்கும் ஒலித்தொகுதி ரொக் இசைக்கானது. நம் ஒலிகளை நாமே பதிந்து அதற்குள் ஏற்றலாம் என்பதுதான் இதன் பெருமை. வலையிறவுப் பாலம் தாண்டி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரிடம் போனேன். அறுபது வருடங்களாகக் கூத்துக்கு மத்தளம் அடிக்கும் கை. முற்றத்தில் பாய் விரித்து, மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தேன். ஒரே அடியை ஐந்து முறை ஒரே மாதிரி அடித்துத் தரச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார்.

“ஒரே அடியை இரண்டு தரம் அடிக்க முடியாது, தம்பி” என்றார்.

வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டபோது அவர் சொன்னது காதிலேயே விழுந்தது. ஐந்து அடிகளில் ஒன்றில் விரல் கொஞ்சம் முன்னால் விழுந்திருந்தது, ஒன்றில் தோலின் ஓரம் கூர்மையாக ஒலித்தது, கடைசி அடியின் வாலில் ஒரு காகம். காகத்தை மட்டும் வெட்டிவிட்டு ஐந்தையும் ஏற்றினேன். ஒரு கருவிக்குள் பல ஒலிகளை அடுக்கி, அடிக்கும் வேகத்துக்கு ஏற்றபடியோ மாறி மாறியோ ஒலிக்கச் செய்ய ஹைட்ரஜனில் வழி இருக்கிறது. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் தையல் இயந்திரம் ஓடுவது போலிருக்கும். ஐந்தும் மாறி மாறி வந்தபோது அறைக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். கலவைப் பலகையில் நேரத்தையும் அடியின் வலுவையும் சற்றே பிசக விடும் திருகுகளும் உண்டு. கால் பங்குக்கு மேல் திருக வேண்டாம்; அதற்கு மேல் போனால் வெறித்தவன் அடிப்பது போலாகிவிடும்.

இப்படியே மற்ற அடிகளையும் ஏற்றினேன்: மத்தளத்தின் வலப்பக்கமான வலந்தலையில் மூன்று வகை அடிகள், இடப்பக்கமான இடந்தலையில் இரண்டு. இந்த ஐந்து வகையை வைத்து ஆறெட்டில் ஒரு துண்டு செய்து, அதன் மேல் கிட்டாரை வாசித்தேன். இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் பதிகிறேன். காலையில் பாண் ஆட்டோவின் பாட்டும் மாலையில் மோட்டார் சைக்கிள்களும் மைக்குக்குள் வந்துவிடுகின்றன. கூத்து மத்தளமும் பைலாவும் ஒரே பாட்டில் சேருமா என்று நண்பர்கள் கேட்டார்கள். இரண்டும் இந்த வாவிக்கரையில் தலைமுறை தலைமுறையாக ஒலித்தவை. பதிவைக் கட்டாருக்கு அனுப்பினேன். மத்தளம் அடிப்பது யார் என்று அவன் கேட்டான்.

இலங்கைத் தாளங்கள் எதுவும் ஆயத்தமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து இதை நிறுவாதீர்கள். உட்கார்ந்து செய்யப் பொறுமை வேண்டும். மின்சாரம் நின்று இரண்டு தடவை வேலையை இழந்தேன், ஆகவே ஒவ்வொரு துண்டு முடிந்ததும் சேமித்துவிடுங்கள்.

மாரி தொடங்கினால் மத்தளத்துத் தோல் தளர்ந்துவிடும் என்று அண்ணாவியார் சொல்லியிருக்கிறார். அதற்குள் இன்னொரு தடவை போய், கூத்தில் தட்டும் தாளமான சல்லாரியையும் பதிந்துவர வேண்டும்.