பேஜினேஷன் லூப்: ‘முடிந்துவிட்டது’ என்று யார் சொல்வது?

ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ‘நிலுவை’ என்ற நிலையில் இருக்கும் ரெக்கார்டுகளை நூறு நூறாக எடுக்க வேண்டும்; இப்படிப் பக்கம் பக்கமாக எடுப்பதுதான் பேஜினேஷன். ஒவ்வொருவருக்கும் ‘உங்கள் கணக்கு காலாவதியாகப் போகிறது’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, நிலையை ‘முடிந்தது’ என்று மாற்ற வேண்டும். நிலுவையில் 1,000 பேர் இருந்தார்கள். ராத்திரி ஓடவிட்டேன், ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. காலையில் பார்த்தால் 500 பேருக்குத்தான் போயிருந்தது. பாதிக் கிணறு தாண்டிய கதை.

என்ன நடந்தது என்று பேப்பரில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. முதல் சுற்றில் ஆஃப்செட், அதாவது தொடக்கத்திலிருந்து எத்தனை ரெக்கார்டைத் தாண்ட வேண்டும் என்ற எண், 0. நூறு பேர் வந்தார்கள், நூறு பேரும் ‘முடிந்தது’ ஆனார்கள். இப்போது நிலுவையில் 900. இரண்டாம் சுற்றில் ஆஃப்செட் 100, அதாவது மிச்சமிருக்கும் 900-இல் முதல் நூறைத் தாண்டி அடுத்த நூறு. அப்படித் தாண்டிய நூறு பேரை அதுவரை யாரும் தொடவே இல்லை. சுற்றுக்குச் சுற்று இதே கதை. ஆறாம் சுற்றுக்கு வரும்போது ஆஃப்செட் 500, நிலுவையும் 500. டேட்டாபேஸ் ஐந்நூறையும் தாண்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. ‘பக்கம் காலியாக வந்தால் நிறுத்து’ என்று எழுதியிருந்தேன். லூப் சொன்னபடி நின்றது.

ஃபார் லூப்பா (எண்ணிச் சுற்றுவது), வைல் லூப்பா (ஒரு நிபந்தனை உள்ளவரை சுற்றுவது) என்பது எழுதுபவரின் விருப்பம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் இந்த இரண்டும் ஒரே வேலைக்கான இரண்டு எழுத்துமுறைகள் அல்ல. ‘இனி பக்கம் இல்லை’ என்று யார் சொல்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. நீங்களே முன்கூட்டிக் கணக்குப் போட்டுச் சொல்கிறீர்களா, வந்த பக்கத்தைப் பார்த்து ஊகிக்கிறீர்களா, சர்வரே சொல்கிறதா? பேஜினேஷன் லூப்புகளை இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

முன்கூட்டி எண்ணிவிட்டுச் சுற்றும் ஃபார் லூப்

மொத்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி, பக்க அளவால் வகுத்து, 1-இலிருந்து கடைசிப் பக்கம் வரை சுற்றுவது. படிக்கச் சுலபம். எத்தனை சுற்று என்று முதலிலேயே தெரியும் என்பதால் ‘40 சதவீதம் முடிந்தது’ என்று காட்ட முடியும். எல்லையில்லாமல் சுற்றும் அபாயம் கிடையாது.

சிக்கல் வகுத்தலிலேயே தொடங்குகிறது. 101 ரெக்கார்டு, பக்கத்துக்கு 10 என்றால் 11 பக்கம். மீதியை வெட்டிவிடும் வகுத்தலைப் போட்டால் 10 என்று வரும். கடைசி ரெக்கார்டு யார் கண்ணிலும் படாது. அதைச் சரிசெய்கிறேன் என்று விடையோடு 1 கூட்டினால், சரியாக 100 ரெக்கார்டு இருக்கும் நாளில் 11-ஆம் பக்கம் காலியாக வந்து நிற்கும். மேல்நோக்கி முழுமையாக்கும் சீல் ஃபங்ஷன்தான் இங்கே சரி.

இரண்டாவது சிக்கல், அந்த எண்ணிக்கைக்கே ஒரு விலை உண்டு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மொத்த எண்ணிக்கையைத் தயாராக எடுத்து வைத்திருப்பதில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் சொல்கிறது. பெரிய டேபிளில், பக்கத்தை எடுப்பதைவிட எண்ணுவதற்கே அதிக நேரம் போகலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எண்ணிய நொடியில் இருந்த உண்மை, லூப் ஓடும் நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் தேடல் ஏபிஐ (நம் ஸ்கிரிப்ட் அதனிடம் தரவு கேட்கும் வழி) 40,000 முடிவுகள் உண்டு என்று எண்ணிக்கை காட்டலாம். ஆனால் ஒரு தேடலுக்கு முதல் 1,000 மட்டுமே கையில் கிடைக்கும். எண்ணிக்கையை நம்பி, பக்கத்துக்கு 100 வீதம் 400 பக்கத்துக்கு லூப் போட்டால் 11-ஆம் பக்கத்திலேயே பிழைதான் வரும். தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச்சிலும் இப்படி ஒரு வரம்பு உண்டு. மாற்றாமல் விட்டால், ஆஃப்செட்டும் பக்க அளவும் சேர்ந்து 10,000-ஐத் தாண்டும் கேள்வியை அது ஏற்காது.

காலியாகும்வரை சுற்றும் வைல் லூப்

எண்ணிக்கை வேண்டாம், பக்க எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவோம், காலிப் பக்கம் வந்தால் நிறுத்துவோம். பெரும்பாலோர் முதலில் எழுதுவது இதுதான். பல இடங்களில் நன்றாகவே வேலை செய்யும். முடிவைத் தெரிந்துகொள்ள ஒரு ரிக்வெஸ்ட் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான் செலவு.

அந்த ஒரு ரிக்வெஸ்டை மிச்சம் பிடிக்க, ‘கேட்டதைவிடக் குறைவாக வந்தால் அதுவே கடைசிப் பக்கம்’ என்று சிலர் எழுதுவார்கள். இதில் ஒரு குழி இருக்கிறது. கிட்ஹப் ஏபிஐயில் ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 100. நீங்கள் 500 கேட்டாலும் 100தான் வரும். ‘500 கேட்டேன், 100தான் வந்தது, முடிந்துவிட்டது’ என்று லூப் முதல் பக்கத்திலேயே கடையைக் கட்டிவிடும். பிழைச் செய்தி வராது. ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நூறு மட்டும் கையில் இருக்கும்; சோதித்துப் பார்த்தவரிடம் நூறுக்கும் குறைவாக இருந்திருந்தால் அவருக்கு எதுவும் தெரியாது.

‘காலி என்றால் முடிவு’ என்பதே சில இடங்களில் தவறு. அமேசானின் டேட்டாபேஸான டைனமோடிபி ஒரு குவெரிக்கு 1 எம்பி வரைதான் படிக்கும். ஃபில்டரை அதற்குப் பிறகே போடும். படித்த அந்த 1 எம்பியில் ஃபில்டருக்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லையென்றால் காலிப் பக்கம் வரும். கூடவே ‘இங்கிருந்து தொடரலாம்’ என்ற சாவியும் வரும். காலியைப் பார்த்து நிறுத்தினால் பின்னால் இருக்கும் அத்தனையும் போச்சு.

இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. பைத்தானில் வலைத்தளம் கட்டப் பயன்படும் ஜாங்கோவின் பேஜினேட்டரில் ‘கெட் பேஜ்’ என்ற முறை, இல்லாத பெரிய பக்க எண்ணைக் கேட்டால் பிழை காட்டாமல் கடைசிப் பக்கத்தையே கொடுக்கும். உலாவியில் பார்க்கும் மனிதருக்கு அது நல்ல ஏற்பாடு. காலிப் பக்கத்துக்காகக் காத்திருக்கும் லூப்புக்கோ அந்தக் காலிப் பக்கம் வரவே வராது. செக்குமாடு மாதிரி கடைசிப் பக்கத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். வைல் லூப் எழுதினால் அதிகபட்சச் சுற்று எண்ணிக்கை ஒன்றை வையுங்கள். அதைத் தொட்டால் அமைதியாக வெளியேறக் கூடாது, பிழை எழுப்ப வேண்டும்.

சர்வர் கைகாட்டும்வரை சுற்றும் கர்சர் லூப்

என் ஓட்டு இதற்குத்தான். ஒவ்வொரு பக்கத்தோடும் ‘அடுத்தது இருக்கிறதா, இருந்தால் எங்கிருந்து’ என்பதைச் சர்வரே சொல்லிவிடும். அந்த ‘எங்கிருந்து’ என்ற அடையாளம்தான் கர்சர். கிட்ஹப் இதை பதிலோடு வரும் தலைப்புத் தகவலில் (லிங்க் ஹெடர்), அடுத்த பக்கத்தின் முழு முகவரியாகவே தருகிறது. பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப் ‘இன்னும் உண்டு’ என்பதற்கு உண்மை அல்லது பொய் என்று ஒரு மதிப்பு தருகிறது. கடைசியாக வந்த பொருளின் ஐடியைக் கொடுத்து அடுத்ததைக் கேட்க வேண்டும். லூப்பின் வேலை, கேட்பது, வாங்குவது, கைகாட்டியைப் பார்ப்பது, இல்லையென்றால் நிற்பது. முதல் ரிக்வெஸ்டை எப்படியும் அனுப்பியே ஆக வேண்டும் என்பதால் முதலில் செய்துவிட்டுப் பிறகு நிபந்தனையைப் பார்க்கும் டூ-வைல் வடிவம் இதற்கு இயல்பாகப் பொருந்துகிறது.

டேட்டாபேஸ் பக்கம் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. பக்கத்துக்கு 20 என்று வைத்து 5,001-ஆம் பக்கத்தை ஆஃப்செட் முறையில் கேட்டால், டேட்டாபேஸ் முதல் 1,00,000 வரிசைகளை (ரெக்கார்டுகளை)க் கடந்து, அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த 20-ஐக் கொடுக்கும். மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிற வேலை. ‘கடைசியாகப் பார்த்த ஐடியைவிடப் பெரிய ஐடி உள்ள அடுத்த 20’ என்று கேட்டால், இண்டெக்ஸ் (புத்தகத்தின் பொருளடைவு போன்றது) வழியாக நேரே அந்த இடத்துக்குப் போய் 20 வரிசைகளைப் படித்தால் போதும். முதல் பக்கமும் ஐயாயிரமாவது பக்கமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரும். இதற்கிடையில், ஏற்கனவே தாண்டிய பகுதியில் புதிய வரிசை சேர்ந்தாலும், பழையது அழிந்தாலும், பக்கங்கள் நகராது. ஆஃப்செட்டில் மேலே ஒன்று சேர்ந்தால் முன் பக்கத்தின் கடைசி வரிசை அடுத்த பக்கத்தில் மறுபடி வரும். ஒன்று அழிந்தால் ஒன்று விடுபடும்.

கவனிக்க வேண்டிய ஒன்று, வரிசைப்படுத்தும் மதிப்பு ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் வேறாக இருக்க வேண்டும். பதிவான நேரத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தி, ஒரே நொடியில் மூன்று பதிவுகள் இருந்து, பக்கம் அவற்றின் நடுவில் முடிந்தால், ‘இந்த நேரத்துக்குப் பிறகு’ என்ற கேள்வி மிச்சத்தை விழுங்கிவிடும். நேரத்தோடு ஐடியையும் சேர்த்து இரண்டையும் ஒன்றாக ஒப்பிட வேண்டும்.

இழப்பதும் உண்டு. ‘நேரே 37-ஆம் பக்கம்’ என்று தாவ முடியாது. முந்தைய பக்கம் வந்தால்தான் அடுத்ததன் முகவரியே தெரியும் என்பதால் பல பக்கங்களை ஒரே நேரத்தில் கேட்க முடியாது. ஆனால் பாதியில் அறுந்தால், கடைசிக் கர்சரைச் சேமித்து வைத்திருந்தால் அங்கிருந்தே தொடரலாம். சில சேவைகளில் கர்சர் காலாவதியாகும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கர்சரை உடைத்துப் பார்த்து உள்ளே இருப்பதை நம்பிக் குறியீடு எழுத வேண்டாம். சர்வர்காரர் நாளை அதை மாற்றலாம். அதே கர்சர் இரண்டாம் முறை வந்தால் பிழை எழுப்பி நிறுத்துங்கள்.

என் ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். முதலில் தோன்றிய மருந்து, ஆஃப்செட்டே இல்லாமல் எப்போதும் முதல் நூறையே எடுப்பது. முடித்தவை தாமாகவே பட்டியலிலிருந்து போய்விடுமே! போகும்தான். ஆனால் நூறு முகவரிகள் தவறானவையாக இருந்து மின்னஞ்சல் போகாமல் நிலுவையிலேயே தங்கிவிட்டால், அதே நூறு திரும்பத் திரும்ப வரும். அதனால் ‘நிலுவையில் இருக்க வேண்டும், ஐடி கடைசியாகத் தொட்டதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்’ என்று மாற்றினேன். பிஎச்பி மொழியின் லாராவெல் ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்துபவர்களுக்கு ‘சங்க்’, ‘சங்க் பை ஐடி’ என்ற இரண்டு முறைகளுக்கும் இடையில் இருப்பது இதே வித்தியாசம். சுற்றும்போதே ரெக்கார்டுகளை மாற்றுவதாக இருந்தால் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். விடுபட்ட 500 பேருக்கும் அன்றே அனுப்பினேன். ஒரு நாள் தாமதத்தோடு தப்பித்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் எந்த அறிவிப்பும் இல்லாமல் அவர்கள் கணக்குகள் மூடியிருக்கும்.

லூப்பே எழுதாமல்?

ரிகர்ஷன் அழகாகத் தெரியும். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டுத் தன்னையே கூப்பிடுவது. பைத்தானில் அழைப்பு ஆழம் (ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை முறை கூப்பிடலாம் என்பது) இயல்பாக 1,000-இல் நின்றுவிடும். ஆயிரம் பக்கம் வராது என்று உறுதி இல்லாத இடத்தில் இது வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்டில் ஃபார்-ஈச் உள்ளே அசிங்க் ஃபங்ஷன் (பதில் வரக் காத்திருக்க வேண்டிய ஃபங்ஷன்) கொடுப்பதும் வேண்டாம். அது காத்திருக்காது. அத்தனை ரிக்வெஸ்டும் ஒன்றாகக் கிளம்பிவிடும், லூப்புக்குக் கீழே உள்ள வரி பதில் வருவதற்கு முன்பே ஓடிவிடும்.

ஜெனரேட்டர், அதாவது கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன், வேறு ரகம். பக்கம் பக்கமாக எடுக்கும் லூப் அதற்குள்ளேயே இருக்கும். வெளியே இருப்பவருக்கு ரெக்கார்டுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும், பக்கம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. முதல் 50 போதும் என்று அவர் நிறுத்தினால் மேற்கொண்டு ரிக்வெஸ்ட் போகாது. எல்லாவற்றையும் ஒரே அரேயில் குவித்து மெமரியை நிரப்பவும் வேண்டாம். பைத்தானில் இது வெகுகாலமாக உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் 2018 பதிப்பிலிருந்து அசிங்க் ஜெனரேட்டரும் அதைச் சுற்றும் ‘ஃபார் அவெய்ட்’டும் சேர்ந்தே வந்தன. கர்சர் லூப்பை நான் இப்போது இதற்குள் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொன்றாகவா, ஒரே நேரத்திலா?

200 பக்கம், பக்கத்துக்கு 300 மில்லி நொடி என்றால் ஒவ்வொன்றாகக் கேட்க ஒரு நிமிடம் ஆகும். ஐந்தைந்தாகக் கேட்டால் 12 நொடி. பக்க எண் தெரிந்த ஃபார் லூப் மட்டுமே இந்த வசதியைத் தரும். ஆனால் 200-ஐயும் ஒரே நேரத்தில் ஏவினால் சர்வர் 429 என்று பதில் சொல்லலாம்; ‘போதும், கொஞ்சம் பொறு’ என்று அர்த்தம். அதோடு எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று ஹெடரில் வந்தால் அதை மதியுங்கள். உடனே மறுபடி கேட்கும் லூப், இன்னொருவருடைய சர்வரின் மேல் கல்லெறிவதற்குச் சமம்.

திரையில் பக்க எண்கள்

இங்கே ஃபார் லூப்தான், போட்டியே இல்லை. ஆனால் 1-இலிருந்து 5,000 வரை சுற்றி 5,000 லிங்க் அச்சிடக் கூடாது. முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் இப்போதைய பக்கத்துக்கு இரண்டு புறமும் இரண்டிரண்டு போதும். 37-இல் இருந்தால் 1, மூன்று புள்ளி, 35 முதல் 39 வரை, மறுபடி மூன்று புள்ளி, கடைசி. 5-ஆம் பக்கத்தில் இருக்கும்போது 1-க்கும் 3-க்கும் நடுவில் ஒளிவது 2 மட்டும்தான். அங்கே புள்ளிகள் வைப்பதற்குப் பதில் 2 என்றே எழுதிவிடலாம். ‘அடுத்து’ பொத்தான் மட்டும் போதும் என்றால் எண்ணவே தேவையில்லை. 20 காட்ட வேண்டிய இடத்தில் 21 கேளுங்கள். 21-ஆவது வந்தால் பொத்தானைக் காட்டுங்கள், அந்த வரிசையை மட்டும் காட்டாதீர்கள்.

எந்த லூப்பை எடுத்தாலும் சோதிக்கும்போது பக்க அளவை 3 என்று வைத்து, 0, 2, 3, 4, 7 ரெக்கார்டுகளோடு ஓட்டிப் பாருங்கள். சரியாக 3 இருக்கும்போதுதான் பெரும்பாலான லூப்புகள் மாட்டிக்கொள்கின்றன. பிறகு 7 ரெக்கார்டு வைத்து, முதல் பக்கம் வந்ததும் அதிலிருந்த ஒன்றை அழித்துவிட்டு மிச்சப் பக்கங்களை ஓட்டுங்கள். நான் அன்றைக்குச் செய்யாமல் விட்ட சோதனை அதுதான்.